இரண்டாம் பிரதி

தபால் கப்பலேறப் போகும் முன் டிகோரி தட்டிலிருந்த மத்தி மீனின் தலையைப் பூனைக்குப் போட்டான். பிறகு தபால் பையின் தோல்வாரை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டான்.

"அதைக் கழட்டுங்க," என்றாள் மனைவி லவ்டே. "உள்ள இரும்புக்கட்டி போட்டிருக்கு. பிரெஞ்சுக்காரன் தொரத்துனா அவன் கையில சிக்காம கடல்ல வீசணும்ல? கூடவே நீங்களும் போவீங்களோ?"

"கிரெகோர் முதலாளி உத்தரவு புள்ள. போன தடவை அலையில பை நழுவப் பாத்துச்சாம். அவரோட சர்க்கரை வியாபாரமே அதுக்குள்ளதான இருக்கு."

"அவர் கையில கட்டிக்கச் சொல்லுங்க."

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

ஜமைக்காவிலிருந்து திரும்பும் வழியில் பிரெஞ்சுக்காரன் துரத்தினான். டிகோரி பையை வீசினான். வார் அவிழவில்லை. பிரெஞ்சுச் சிறையிலிருந்து மீண்டு வந்த மாலுமிகள் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளிடம் சொன்னது இவ்வளவுதான்.

ஃபால்மத் துறைமுகத்தின் தபால் ஆபீசைக் கூட்டித் துடைப்பது லவ்டேயின் வேலை. அங்கே வைத்துத்தான் கிரெகோர் ஆறுதல் சொன்னார், மூக்குப்பொடியை உறிஞ்சியபடி. "விலை விவரம் எதிரி கையில சிக்கல. நல்ல காரியம் பண்ணான். கடுதாசி போனதுக்கு நீ கவலைப்படாத. எல்லாத்துக்கும் இரண்டாம் பிரதி எழுதி அடுத்த கப்பல்ல அனுப்பியிருப்பாங்க."

"ஆளுக்கு, ஐயா?"

"ஆளுக்கென்னம்மா பஞ்சம்?" என்றார். உடனிருந்த வியாபாரிகள் சிரித்தார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலில் முன்வரிசையில் உட்காரும் பெரிய மனிதர்கள்.

அடுத்த கப்பல் ஒரு மூடுபனிப் பிற்பகலில் வந்தது. பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, தபால் ஏஜெண்ட் சாவி எடுக்க மாடிக்குப் போனார். கதவுக்கு வெளியே வியாபாரிகள், கசாப்புக்கடை வாசலில் நாய்கள் நிற்பதுபோல நின்றார்கள்.

பை சொட்டிக்கொண்டிருந்தது.

வழியில் மழையில்லை, புயலில்லை என்று மாலுமிகள் சொல்லியிருந்தார்கள். லவ்டே துடைத்தாள், துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்புவதற்குள் தரையில் மறுபடி தண்ணீர், அதிலிருந்து வெயிலே படாத சேற்றின் வாடை, அழுகிய பாசியின் வாடை, அதற்கும் அடியில் அவள் தலையணையில் மட்டுமே அறிந்திருந்த ஒரு வாடை. வாரைத் தூக்கி ஒதுக்கப் பார்த்தாள். தளரவில்லை. மேசை விளிம்பைத் தாண்டி, கீழே இருட்டுக்குள், விறைப்பாக இறங்கியிருந்தது. கிணற்றில் வாளி தொங்குவதுபோல.

அவள் குனிந்தாள்.

மணிக்கட்டு. வெளுத்து, உப்பி. வாரைப் பற்றியிருந்த விரல்கள்.

அதற்கப்பால் தரை இல்லை.

கதவு திறந்தது. ஏஜெண்ட் இறங்கி வரும்வரை பொறுக்காத கிரெகோர் உள்ளே நுழைந்தார். பையை இழுத்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"விடச் சொல்லும்மா," என்றார்.

அவள் அசையவில்லை. அவரே மண்டியிட்டார். ஒவ்வொரு விரலாகப் பின்னுக்கு வளைத்துப் பிரித்தார். சுள்ளி ஒடியும் சத்தம். பை வெளியே வந்தது. பட்டுக் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாக்கத்தியால் பையைக் கிழித்தார். மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். மேசைக்கடியில் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் நெருக்கியடித்தார்கள்.

"டிகோரி," என்றாள் லவ்டே.

ஒடிந்த விரல்கள் தரையைத் தடவின. நின்றன. அவள் பக்கம் திரும்பின.

கணுக்காலில் ஈரம்.

பிடி.

மெல்ல இழுத்தது. அவள் மேசைக்காலைப் பற்றினாள். கீழே, வெகு ஆழத்தில், அலை புரளும் சத்தம். இன்னும் இழுத்தது. அவள் கை மேசைக்காலை விட்டது.

"என்னய்யா போட்டிருக்கு, சீக்கிரம் படி," என்றார் ஜன்னலோரத்தில் ஒருவர்.

கிரெகோர் ஈரத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். சர்க்கரை, பழைய விலைதான்.