கப்பலில் போனவர்களுக்கு ஓர் இலை

சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நாகஜோதிக்குக் கடல் வாடை அடித்தது. சாம்பிராணியையும் கறிக்குழம்பையும் தாண்டி, உப்பும் பாசியும் கலந்து, ராமேஸ்வரத்தில் ஈரத் துணியோடு நிற்கும்போது வருமே, அந்த வாடை. ஜெயமங்கலத்தில் சேறு நாறும், உரமூட்டை நாறும். கடலுக்கு இங்கே என்ன வேலை? மனப்பிரமை என்று தலையை உதறிக்கொண்டாள்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. கும்பினிக்காரன் காலத்தில் கூலி வேலைக்குக் கப்பலேறியவர்களைப் பழைய பதிவேடுகளில் தேடிப்பிடித்து, வெளிநாட்டில் இருக்கும் வாரிசுகளுக்குச் சொந்த ஊரைச் சொல்வது அவள் தொழில். செத்தவர்களுக்கு ஆதார் கார்டு எடுத்துக் கொடுக்கிறாள் என்று கணவன் ஈஸ்வரபாண்டி கிண்டலடிப்பான். மொரிஷியஸ்காரர் ஸ்டீவனுக்காகத் தேடும்போதுதான் கணினியில் அந்த வரி கண்ணில் பட்டது: ஒச்சாண்டி, தகப்பன் ராக்கையா, ஊர் ஜெயமங்கலம். ஈஸ்வரபாண்டியின் வம்சத்தில் காணாமல் போன அதே ஒச்சாண்டி.

கப்பலில் ஏறிய பதிவு இருந்தது. இறங்கிய பதிவு அவருக்கும் இல்லை, கூடப் போன யாருக்குமே இல்லை. கேப்டனின் வாக்குமூலம் மட்டும் மிஞ்சியிருந்தது. நடுக்கடலில் காற்று நின்று, அரிசி தீர்ந்து, கீழ்த்தட்டில் கூலிகளின் கூச்சல் அதிகமானதும், மூடியை மேலிருந்து பூட்டிவிட்டு அவரும் மாலுமிகளும் படகில் தப்பிவிட்டார்கள். அதைப் படித்த அன்று நாகஜோதிக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் திரிஷாவின் கல்யாணத்துக்கு முன்னால் முன்னோர்களுக்குப் போடும் படையலில் அவரையும் பேர் சொல்லி அழைத்தது அந்தப் பரிதாபத்தால்தான். வாசலில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, இலையில் பரிமாறி, கதவைச் சாத்திவிட வேண்டும். பல்லி சொல்லும்வரை திறக்கக் கூடாது. சாப்பிடுகிறவர்களைப் பாதியில் எழுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது. இது இந்த வீட்டு வழக்கம். ஆனால் ஊரெல்லாம் பத்திரிகை வைத்துப் பழகிய வாய், ஒருத்தரை மட்டும் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

"கூட வந்தவுகளையும் கூட்டிக்கிட்டு வாங்கய்யா. எல்லாரும் வயிறு நெறையச் சாப்பிடணும்."

இப்போது உள்ளே மெல்லும் சத்தம் கேட்டது. மெதுவாக, பல்லில்லாத வாய் சோற்றை ஒதுக்கி ஒதுக்கித் தின்பதுபோல. நாகஜோதிக்கு மயிர்க்கூச்செறிந்தது, வந்துவிட்டார் என்று கண்ணீரோடு கைகூப்பினாள். அப்புறம் இன்னொரு வாய் சேர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஈரத் துணிகள் சுவரில் உரசின, யாரோ யாரையோ நெருக்கினார்கள், கதவுப் பலகை லேசாகப் புடைத்தது. வெளியே பட்டப்பகல், பெரியகுளம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

போட்டது ஒரே ஓர் இலை. அதில் இருந்தது ஓர் ஆள் சோறு. அது தீர்ந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

நாத்தனார் மகாலட்சுமி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"திரிஷாவை எங்க மதினி? கூரைப்பட்டைச் சாமிகிட்ட வைக்கிறேன்னு உள்ள போனவ, இன்னும் வரலையே."

நாகஜோதி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருக்கும் பீரோவுக்குப் பின்னால் குனிந்திருந்தால் ஆள் தெரியாது. எட்டிப் பார்க்காமலே கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளையும் போட்டது அவள் கைதான்.

பல்லி சொல்லவில்லை.

மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தம் சட்டென்று நின்றது. எல்லா வாயும், ஒரே நேரத்தில். கதவிடுக்கில் தண்ணீர் கசிந்து அவள் கால்விரலைத் தொட்டது. சில்லென்று. பிறகு மறுபடி தொடங்கியது. வேகமாக. ஏதோ கெட்டியான ஒன்று பல்லுக்கிடையில் நொறுங்கியது.

வழக்கமாவது மண்ணாவது. தாழ்ப்பாளை இழுத்தாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துடைத்துவிட்டதுபோல் காலியான இலை. சுவரிலிருந்து சுவர்வரை நனைந்த முதுகுகள். எலும்பு துருத்திய முதுகுகள். எல்லாம் நடுவில் எதன்மீதோ குனிந்திருந்தன. இடையே மருதாணி வைத்த ஒரு கை மட்டும் தெரிந்தது.

ஓரத்தில் இருந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். விருந்துக்கு வந்தவருக்குரிய மரியாதையோடு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, நாகஜோதிக்கும் இடம் விட்டார்.