கணக்கில் வராத எச்சில்

பல் துலக்கும் பிரஷ் ஈரமாக இருந்தது. ஹேசல் காலையில் தேய்த்துவிட்டுப் போனது. பர்மிங்காமின் டிசம்பர் இருட்டு நாலு மணிக்கே இறங்கியிருந்தது; அவள் வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டபோதும் பிரஷின் நுனியில் நீர் கோத்து நின்றது. ஹீட்டர் ஓடும் குளியலறை; காலை ஈரம் எப்போதோ காய்ந்திருக்கவேண்டும். கணவன் காலின் இன்னொருத்தியோடு போனபின் அந்த வீட்டில் வேறு வாயே கிடையாது.

வந்த போலீஸ்காரன் பூட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். "என்னம்மா களவு போச்சு? ஈரமா?"

ஹேசலுக்கு வேலையோ குற்ற இடத்து எச்சிலையும் ரத்தத்தையும் அரசின் டி.என்.ஏ. பதிவுகளோடு ஒப்பிடும் ஆய்வகத்தில். முக உறை மாட்டி, புதுப் பஞ்சைப் பிரித்து, தானே பிரஷைத் துடைத்தெடுத்துத் திருட்டு வழக்கு மாதிரிகளுக்கு நடுவே செருகிவிட்டாள். தெரிந்தால் வேலை போகும். யாரென்று தெரியாமல் தூக்கம் ஏற்கெனவே போயிருந்தது.

தேநீர் அறையில், முடிவுகளைப் பார்க்கும் ஓவனிடம் போகிறபோக்கில் கேட்டாள்.

"அந்த பிரஷ் என்னாச்சு?"

"ரெண்டு பேர் எச்சில், கண்ணு. ரெண்டுமே நம்ம ஆளுங்க. கழிச்சுட்டேன்."

ஒன்று அவளுடையது. கோப்பையை மேசையில் வைத்தாள். "இன்னொண்ணு... யாரு?"

"நம்பர்தானே இருக்கு, பேரு ஏது? பேரு வெளியே தெரியக்கூடாதுன்னு ஊழியர் சங்கம் சண்டை போட்டு வாங்கினதாச்சே. எவனோ முக உறை இல்லாம அரட்டை அடிச்சிருக்கான். இல்ல, நீயே ரெண்டு வாயால பேசினியோ என்னவோ!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆய்வகத்தில் மொத்தம் நாற்பது வாய்கள். கைதவறிக் கலந்தால் கழித்துவிடத்தான் ஊழியர்கள் எல்லாருடைய எச்சிலும் பட்டியலில் இருக்கிறது. வழக்கில் விடுதலையானவனின் டி.என்.ஏ. பதிவை அழிப்பதா வைப்பதா என்று மல்லுக்கட்டும் அதிகாரிகள் இதற்கு மட்டும் தலையைச் சொறிவதில்லை. இங்கே சம்பளம் வாங்குகிறவன் எந்த வீட்டில் எதை நக்கிவிட்டுப் போனாலும் அது வெறும் அசுத்தம்.

அவள் துடைத்தபோது பக்கத்தில் யாருமில்லை.

அன்று மாலை வீட்டு வாசற்கதவைத் திறந்ததும் வாடை வந்தது. பூஞ்சையோ பழைய கம்பளமோ இல்லை, ஆய்வக மேசைகளைத் துடைக்கும் அந்த மூக்கரிக்கும் பிளீச். மாடிப்படி வழியே இறங்கி வந்தது. படுக்கையறையிலிருந்து.

ஒரு சத்தம். மணிக்கட்டில் ரப்பர் கையுறை அறையும் சத்தம்.

இன்னொன்று.

இரண்டு கைக்கும் ஆயிற்று. இனி கைரேகைகூட இராது.

ஓடியிருக்கலாம். யார் வீட்டுக்கு? கால்கள் மேலேதான் ஏறின. யாரென்று தெரியவேண்டும். அது மட்டும்.

கதவு ஒருக்களித்திருந்தது.

கட்டிலில் காலின் படுக்கும் பக்கம் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை முழு அங்கி. தலைமூடி. முக உறை. கண்ணாடி. ஆய்வகத்தில் எல்லாரும் இருப்பதுபோலவே. நாற்பது பேரையும் நடையை வைத்தே சொல்வாள். அது எழுந்திருக்கவில்லை.

நீலக் கையுறை மெல்ல நீண்டு, அவள் பக்கத்துப் போர்வையை விலக்கி, தலையணையைத் தட்டிப் போட்டது.