ஏழாம் சாளரத்தில் நிலுவை

காலையில் எழுந்ததும் தணிகாசலம் சுவரிலிருந்த குழாயில் வாய் வைத்து ஊதினார். செம்மண்பாளையத்தில் பல் துலக்குவதற்கு முன் எல்லோரும் செய்கிற காரியம்தான். செவ்வாய் கிரகத்தில் காற்று சும்மா கிடைக்குமா என்ன? யார் எவ்வளவு இழுத்தார், எவ்வளவு விட்டார் என்று அளக்க வீட்டுக்கு வீடு காற்றுமானி உண்டு. "குடும்பத்தில் இருவர். தனிக்காற்று இன்னும் நான்கு நாள். அதன்பின் பொதுக்கூடம்" என்றது அது, என்னவோ நல்ல செய்தி சொல்வதைப் போல.

பொதுக்கூடம் என்றால், அறுநூறு பேர் விட்ட மூச்சையே வடிகட்டி அறுநூறு பேரும் மறுபடி இழுக்க வேண்டிய இடம். மற்றவர்களுக்குத் தலைவலியோடு போகும். அவர் மனைவி மங்கைக்கு உயிரே போய்விடும். இருபது வருடத்து வீசிங்.

"இன்னிக்காவது முடிச்சிட்டு வாங்க" என்றாள் மங்கை, படுக்கையிலிருந்தபடியே. பேசினால் காற்று செலவாகும் என்று சில நாட்களாக இதைத் தவிர வேறெதற்கும் அவள் வாயைத் திறப்பதில்லை.

"முடிச்சிடலாம் மங்கை." பத்து நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், பாவம்.

வேலையில் இருப்பவருக்குத் தனிக்காற்று உண்டு. வேலை போனவருக்கும் உண்டு. ஆனால் அவர் வேலையிழப்பு உதவிக்கு விண்ணப்பித்து, அது அனுமதியாகியிருக்க வேண்டும். அனுமதி தரும் அலுவலகத்தில் முப்பத்திரண்டு சாளரங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தியன், அதாவது குமாஸ்தா வேலை பார்க்கும் இயந்திரம். இரண்டு கை, ஒரு முத்திரை, தேன் வடியும் குரல்.

ஏழாம் சாளரத்தில் அவருக்கு முன்னால் நின்றவள் ரஷீதா. சுரங்கத்தில் துளைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள்.

"வேலை இல்லைன்னு சான்றிதழ் கேட்டீங்களே, கொண்டாந்துட்டேன்."

"இது போன மாசத்துதுங்கம்மா. போன மாசம் வேலை இல்ல, சரி. இந்த மாசமும் இல்லைன்னு யார் சொன்னா?"

"அதான் எதிர்லயே நிக்கிறேனே!"

"நீங்க நிக்கிறீங்க. பேப்பர்ல இல்லையேம்மா."

ரஷீதா தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "எந்தப் புண்ணியவான் சார் இதுக்கு இதெல்லாம் கத்துக் குடுத்தான்? அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..." என்று பல்லைக் கடித்தபடி போய் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தணிகாசலம் தரையைப் பார்த்தார். அந்தப் புண்ணியவான் அவரேதான். இதே சாளரத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவர். கடைசி மூன்று வருடம் அவர் தலையில் ஒரு பட்டையை மாட்டி, அவர் வேலை பார்க்கும் விதத்தை அப்படியே நகலெடுத்தார்கள். எதைக் கேட்டால் ஆள் திரும்பிப் போவான், எந்தத் தாளை எதற்கடியில் செருகினால் ஆறு மாதம் கண்ணில் படாது, எல்லாம் ஏறியது. நகல் முடிந்த அன்று பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் சீட்டைக் கிழித்தார்கள்.

இத்தனை நாள் வெட்கத்தில் சொல்லாமல் இருந்தார். இனியும் வெட்கம் பார்த்தால் மங்கையைப் பார்க்க முடியாது. தன் முறை வந்ததும் குனிந்து, "தம்பி, என்னைத் தெரியுதா? உன் தலைக்குள்ள இருக்கிறது நான்தான்யா" என்றார்.

எழுத்தியன் சட்டென்று எழுந்து நின்றது. "சார், நீங்களா! முதல்லயே சொல்லக் கூடாதா? உள்ள வந்து உக்காருங்க சார்."

இருபத்திரண்டு வருடத்தில் மேலதிகாரிகளைத் தவிர யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை.

"ஆனா சார், சொந்தக்காரங்க ஃபைலை நாம தொடக் கூடாது, விதி இருக்கு. உங்களவிட எனக்கு யாரு சொந்தம்? வேற சாளரத்துக்குப் போனாலும் இதே கதிதான். முப்பத்திரண்டும் உங்க நகல்தானே."

"அப்ப என் பொண்டாட்டி சாகணுமா?"

எழுத்தியன் கொஞ்சம் யோசித்தது. "ஒரு வழி இருக்கு சார். உதவிதான் குடுக்க முடியாது, வேலை குடுக்கலாம். தற்காலிகம். இந்தச் சாளரத்துல பதினெட்டு ஃபைல் நிலுவை. அது தீர்ற வரைக்கும் நீங்க அதிகாரியா உக்காருங்க. தனிக்காற்று உடனே திறந்துடும்."

"தீர்ந்துட்டா?"

"வேலையும் தீர்ந்துடும் சார். மறுபடி வரிசையில வந்து நில்லுங்க."

உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் மங்கையின் அழைப்பு வந்தது. "என்னங்க, மூச்சு நல்லா வருதுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் ரஷீதா பெஞ்சிலிருந்து ஓடி வந்துவிட்டாள். "அப்பாடா, ஒரு மனுஷன் வந்து உக்காந்தாரே! வீட்ல ரெண்டு புள்ளைங்க சார். நாளைக்குப் பொதுக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்க."

அவள் ஃபைலைப் பிரித்தார். எந்தக் குறையும் இல்லை; போன மாதச் சான்றிதழே போதும். ஒரு கையெழுத்து போட்டால் போதும். இப்படிப் பதினெட்டு கையெழுத்து. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். பேனாவைத் திறந்தவருக்கு மங்கையின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பேனாவை மூடினார்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. இந்த ஃபோட்டோவுலதான் லேசா சிரிச்சிருக்கீங்க. வேலை போனவங்க சிரிச்ச மாதிரி இருந்தா மேல கேள்வி கேப்பாங்க. வேற எடுத்துட்டு வந்துடுங்களேன்."

எட்டாம் சாளரத்து எழுத்தியன் தலையைத் திருப்பி, "இது எனக்குத் தெரியாதே சார்" என்று மரியாதையோடு குறித்துக்கொண்டது.