தொடர்பற்றோர் பட்டியல்

காலை ஆறரைக்கு விடுதி முற்றத்துத் திரையில் அன்றைய கோட்டுரு வரும். நாங்கள் நாற்பத்தாறு பேரும் தள்ளித் தள்ளி நின்று, வாயை இறுக மூடிக்கொண்டு பார்ப்போம். ஆளுக்கொரு புள்ளி. இரண்டு பேர் பேசிக்கொண்டால் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. கையில் கட்டியிருக்கிறோமே உறவுமானி, அந்தச் சனியன் நாம் 'ம்' என்று முனகினாலும் எழுதிக்கொள்ளும்.

படிக்கிற பாடமும் கிராஃப் தியரி என்கிற புள்ளி-கோட்டுக் கணிதம், அதன் தேர்வு விதியும் கிராஃப் தியரி. எவருடைய குசும்போ தெரியவில்லை. தேர்வுக்கு முந்தைய அறுபது நாட்களில் பேசிக்கொண்ட இருவர் ஒரே தேர்வை எழுதக்கூடாது. விடை அவரவர் மூளையிலிருந்து வர வேண்டுமாம். ஆகவே, தங்களுக்குள் கோடே இல்லாதவர்களாகப் பார்த்து, முடிந்தவரை அதிகம் பேரைக் கணினி பொறுக்கி எடுக்கும். அதுதான் தொடர்பற்றோர் பட்டியல். எப்படிப் பொறுக்கினாலும் எண்ணிக்கை சமம் என்றால் மட்டும் மதிப்பெண்ணைப் பார்க்கும். விழுந்த கோட்டை அழிக்க முடியாது. தேர்விலிருந்து விலகவும் முடியாது.

மூன்று முறை பட்டியலில் வராதவர்கள் ஏழு வருடம் கடற்சுவர் வேலைக்குப் போக வேண்டும். தூத்துக்குடியைக் கடல் கொண்டு போன பிறகு கட்டத் தொடங்கிய சுவர் அது. என் அக்கா அங்கே போனாள். இரண்டாம் வருடம் ஒரு டப்பாவில் சாம்பலாக வந்தாள்.

எனக்கு இது மூன்றாவது முறை. முதல் இரண்டும் என் வாயால் கெட்டேன். பக்கத்து அறை செல்வக்கனிக்கும் இது மூன்றாவதுதான். அவள் கெட்டது வேறு விதம். வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுக்கு. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தே இரண்டு வருடம் போனது. இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். நாற்பதாம் நாள் ஒரு நிரூபணம் புரியாமல் நான் அழுதுகொண்டே போய்த் தட்டினேன். ஒரு நிமிடம் கழித்துத் திறந்தாள்.

"ஏட்டி மரகதம், எங்க மாட்டிக்கிட்டே? உள்ள வா."

கோடு விழுந்துவிட்டது. அறைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் இருவரில் ஒருவர்தான் எழுத முடியும் என்றால் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அவளை எடுப்பார்கள். தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வாரமே முதல் முறை எழுதும் ஜெபசிங்கும் முப்பிடாதியும் தனித்தனியாக அவள் கதவைத் தட்டினார்கள். அழுகிறவர்களை வெளியே நிறுத்திவைக்க அவளுக்குத் தெரியாது. இப்போது கணக்கு மாறிவிட்டது. கனியை விட்டால் எங்கள் மூன்று பேரையும் எடுக்கலாம். மறுநாள் திரையில் அவள் புள்ளியிலிருந்து மூன்று கோடுகளைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லவே கூசுகிறது.

அறுபதாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பட்டியல். நாலரைக்குக் கேன்டீனுக்குப் போனேன். நடு மேஜையில் ஜெபசிங்கும் முப்பிடாதியும் எதிரெதிரே உட்கார்ந்து, சத்தமாக, புரோட்டா சால்னாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேன்டீனே அவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மடக்கு டீ குடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் இருவருக்கும் இடையே கோடு விழுந்தாயிற்று. நானும் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால், நாங்கள் நாலு பேரும் ஒருவரோடொருவர் கோட்டால் கட்டுண்டுவிடுவோம். அப்போது நாலு பேரில் ஒருவரைத்தான் எடுக்க முடியும், மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், கனியை எடுப்பார்கள். அவர்களுக்கு ஒரு வருடம் போகும். எனக்கு எல்லாமே போகும். நான் உட்காராவிட்டால் நானும் அவர்களில் ஒருவரும் தேர்வு எழுதுவோம், கனி கடற்சுவருக்குப் போவாள்.

மேஜையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு நான் பதில் சொன்னால் அதுவே கோடாகிவிடும். அந்தப் பாவத்தை அவர்கள் செய்ய விரும்பவில்லை. முப்பிடாதி மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏந் தாயி நின்னுக்கிட்டே குடிக்கே? அதான் இடம் கெடக்குல்லா" என்றார் உறவுமானி கட்டாத கேன்டீன் அண்ணாச்சி.

"வேல இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

ஐந்து மணிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. முப்பிடாதியின் பெயர் இருந்தது. கனியின் பெயர் இல்லை.

கால் மணி நேரத்தில் என் அறைக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். கனி. தோளில் பை.

"பட்டியல் மூடியாச்சு. இனிமே பேசலாம், ஒண்ணும் விழாது" என்றாள்.

நான் விலகி வழிவிட்டேன்.

"கேன்டீன்ல நடந்தத ஜெபசிங் சொன்னான்."

"கோவமா இருக்கா?"

"இல்லாம இருக்குமா? கன்னத்துல ஒண்ணு விடணும்னுதான் வந்தேன்."

"அடி, கனி."

அவள் அடிக்கவில்லை. என் மேஜையில் திறந்து கிடந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளிகளுக்கு நிறமிடும் கணக்கு, பாதியில் அடித்துவிட்டு, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தேன்.

"இது இன்னும் வரலியோ?"

"வரல."

"ஏழு மணிக்குத்தான் லாரி" என்று சொல்லிப் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.