நடுக் குழாய்

ஒரு கிணறு, ஒரு பம்ப், ஒரே பைப், அதில் மூன்று குழாய்கள். ஓரத்து இரண்டிலும் நல்ல தண்ணீர் வர, நடுக் குழாயில் மட்டும் நாற்றம் எப்படி வரும்? பம்ப் திருத்தும் மக்கீனுக்கு விளங்கவில்லை.

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பின்வளவில் இருந்தது அந்தத் தோட்டம். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் மௌத்தானவர்களின் நினைவாக, இதை அமைப்பதற்கென்று, நிந்தவூர் சல்மா உம்மா தன் தென்னந்தோட்டத்தில் மூன்றிலொரு பங்கை வசிய்யத்தாக, மரண சாசனமாக, எழுதிவைத்துக் கண்மூடியிருந்தார். மகள் றஹீமா பொறுப்பாக நின்று பூக்கன்றுகள் நட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் நாற்றம் நிற்காவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கி மண் மூடிவிடுவதாகப் பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். உம்மாவின் கடைசி ஆசையும் அதோடு மூடப்பட்டுவிடும்.

எந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் மக்கீன் வேலை தொடங்குவார். அன்று பின்னேரம் அசர் தொழுகை முடிந்து வந்து, நடுக் குழாயைத் திறந்து ஒரு மிடறு எடுத்தார்.

கொழகொழவென்று இருந்தது. மீன் கழுவிய தண்ணீரை மூன்று நாள் வெயிலில் வைத்த மாதிரி. காறித் துப்பினார். பல்லிடுக்கில் ஏதோ மாட்டியிருந்தது. விரலால் இழுத்தார். தொண்டைக்குள்ளிருந்து அது வந்துகொண்டே இருந்தது.

முழ நீளத்துக்கு ஒரு பெண்ணின் தலைமயிர்.

குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தார். பிறகு வாயைக் கொப்புளித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நடுக் குழாயின் அடியில் பைப் மூட்டு வெடித்திருந்தது. காரணம் பிடிபட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பம்ப் நின்றால் பைப்பில் நிற்கும் தண்ணீரைக் கீழே விழாமல் பிடித்திருப்பது கிணற்றுக்குள் உள்ள வால்வு. அது தேய்ந்தால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். திரும்பும்போது, பப்பாசித் தண்டால் குரும்பையின் இளநீரை உறிஞ்சுகிற மாதிரி, வெடிப்பு வழியே நிலத்து ஊத்தையை உள்ளே இழுக்கும் என்று றஹீமாவுக்கு விளக்கினார். மூட்டையும் வால்வையும் புதிதாகப் போட்டார்.

மறுநாள் அசருக்குத் திறந்தார்கள்.

அதே நாற்றம். மஞ்சள் நெய் மிதந்தது. அதில் மயிர் சுருண்டு கிடந்தது.

"புள்ள, இந்த இடத்தில முன்ன என்ன இருந்த?" மக்கீனின் குரல் தணிந்திருந்தது.

"சூறாவளியில மௌத்தான பொம்புளையள உம்மாவும் ஆக்களும் கழுவின இடம், காக்கா. கழுவின தண்ணி போன குழி இது."

அடக்குமுன் மையித்தை மூன்று தரம் கழுவுவது முறை. கடைசித் தரம் கற்பூரத் தண்ணீர். அன்று ஊர் தெரியாத ஒருத்தியை ஒரு தரம் கழுவியதும், இருந்த தண்ணீர் முடிந்துபோனது. கிணறுகளிலெல்லாம் மாடுகள் செத்து மிதந்தன. அப்படியே அடக்கினார்கள். கன்று நடுமுன் நடுவில் மூன்று வாளி ஊற்றும்படி உம்மா வசிய்யத்தில் எழுதியிருந்தார்.

"கண்டுக்குத்தானே எண்டு நெனச்சன், காக்கா. நெலம் ஈரமாக் கிடந்த. ஒரு வாளியோட விட்டுட்டன்."

மூடியிருந்த குழாய்க்குள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"இன்னும் ரெண்டு ஊத்து, புள்ள," என்றார் மக்கீன்.

றஹீமா இரண்டு வாளி ஊற்றினாள். நிலம் சத்தமாக விழுங்கியது. குழாயில் கண்ணாடி போல் தண்ணீர் வந்தது. வெள்ளிக்கிழமை டொக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, தோட்டம் இருக்கட்டும் என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, சனிக்கிழமை ஊற்றாமல் விட்டார்கள். மயிர் வந்தது.

இப்போது தினமும் அசருக்கு மூன்று வாளி. மூன்றாவதில் யாரும் போடாத கற்பூரம் மணக்கும். மூன்றையும் ஊற்றினால் நடுக் குழாயில் நல்ல தண்ணீர் வரும்.