பச்சை டிக் சொன்ன பொய்

காலை 9.10. குளியலறை வாசலில் குப்புறக் கிடந்தாள் ஸ்னெஷானா. கைக்கு எட்டும் தூரத்தில் காலி இன்சுலின் குப்பி.

"உயிர் இருக்கா, டாக்டர்?" இன்ஸ்பெக்டர் ரத்கா குனிந்து பார்த்தாள்.

டாக்டர் மிதோவ் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். ரத்காவுக்கு மூச்சு வந்தது. அந்தப் பிளாவ்டிவ் ஊர்க்காரர்கள் 'ஆமாம்' சொல்லும் விதம் அது. மேலும் கீழும் ஆட்டியிருந்தால்தான் 'இல்லை', கதை முடிந்தது என்று அர்த்தம்.

"மருந்தை எவனோ திருடிட்டான், மேடம்!" ஸ்னெஷானாவின் அக்கா கலினா தங்கையின் ஃபோனை நீட்டினாள். "மூணு நாளா வரும் வரும்னு காத்துக் கிடந்தா. இதோ பாருங்க!"

மருந்து வாங்கும் ஆப். பச்சை டிக். 'ஆர்டர் ஏற்கப்பட்டது.'

ரத்கா மருந்துக்கடைக்கு ஃபோன் போட்டாள். "அப்படியொரு ஆர்டரே வரலையே!" என்றார்கள்.

யார் சொல்வது பொய்?

காலை 10.40. ஆப் நடத்தும் கம்பெனி. இரண்டே பேர் எதிரே. சர்வர் பக்கத்தை எழுதிய பிளாமென், பழுத்த உள்ளூர்க்காரர். ஆப்பின் திரையை எழுதிய லோரென்ஸ், வியன்னாவிலிருந்து வந்து மூன்றே வாரம்.

லோரென்ஸ் காபிக் குடுவையைத் தூக்கிக் காட்டினான். பிளாமென் தலையை மேலும் கீழும் அசைத்தார். அவர்முன் ஒரு கோப்பை வந்தது. அதைத் தள்ளி வைத்தார். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கோப்பை, நிரம்பி, ஆறிப்போய்.

ரத்கா அதைப் பார்த்துக்கொண்டாள்.

"ஸ்னெஷானா ஆர்டர் என்னாச்சு?"

"சர்வர் மறுத்துடுச்சு. மருந்துச் சீட்டு காலாவதி," என்றார் பிளாமென்.

"பின்னே பச்சை டிக் ஏன்?"

"அதை இந்த மகாராஜாவைக் கேளுங்க. திரை அவர் சமையல்."

லோரென்ஸ் சிவந்தான். "உங்க சர்வர் என்ன சொல்லுதோ அதைத்தானே காட்டறேன்!"

ரத்கா தன் ஃபோனில் ஆப்பைத் திறந்து, தப்பான முகவரி கொடுத்தாள். சிவப்பு எச்சரிக்கை. கைப்பையில் கிடந்த, காலாவதியான மருந்துச் சீட்டை ஏற்றினாள்.

பச்சை டிக்!

பிளாமென் கணினிப் பக்கம் திரும்பினார். சர்வர் அனுப்பிய பதிலைத் திறந்தார். உள்ளே 'பிழை: சீட்டு செல்லாது.' ஆனால் தலைப்பில் 200. அந்தத் தொழிலில் அதற்கு 'எல்லாம் சரி' என்று பொருள்.

"முகவரி தப்புன்னதும் சிவப்பு வந்துச்சே," என்றாள் ரத்கா. " இங்க மட்டும் ஏன் இப்படி?"

"மத்த இடத்துல தலைப்புலயே பிழை எண் வரும், மேடம். சீட்டு பார்க்கற பகுதி மட்டும் நான் எழுதின பழசு. பழைய திரை உள்ளே இருக்கறதையும் படிக்கும்."

"புதுத் திரை எப்ப வந்தது?"

"போன வாரம்," என்றான் லோரென்ஸ். "எழுதறதுக்கு முன்னாடியே கேட்டேன். எல்லாப் பிழைக்கும் தலைப்புல பிழை எண் வருமான்னு. ஆமான்னார்!"

"அடப்பாவி! இல்லைன்னு சொன்னேன்யா!"

"வாயால சொன்னீங்களா?" என்றாள் ரத்கா.

ரத்கா காபிக் குடுவையைக் காட்டினாள்.

"பிளாமென், உங்களுக்குக் காபி வேணுமா?"

தலை மேலும் கீழும் போனது. லோரென்ஸின் கை தானாகவே குடுவைக்குப் போனது. பாதியில் நின்றது. ஆறிய கோப்பைகளைப் பார்த்தான். "அப்போ இது 'வேண்டாம்'மா?" என்றான்.

"மருந்தை யாரும் திருடலை. குற்றவாளி இந்தக் கழுத்துதான்," என்றாள் ரத்கா. "நீங்க தலையாட்டினதை இவன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான். உங்க சர்வரும் உங்களை மாதிரியே. தலை ஒண்ணு சொல்லுது, உள்ளே இன்னொண்ணு இருக்கு. இவன் திரை தலையை மட்டும் பார்த்துச்சு. எழுதி வெச்சுக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணலை."

பிளாமென் திடுக்கிட்டு எழுந்தார். "மேடம்... அப்போ போன வாரத்துலேர்ந்து பச்சை டிக் வாங்கினவங்க?"

கணினித் திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வீடு, தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு குப்பி. மூவரும் ஆளுக்கொரு ஃபோனை எடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ எடுத்தார்கள். கடைசிப் பெயரும் முடிந்ததும், ரத்கா டாக்டருக்கு அடித்தாள்.

"மிதோவ்! அந்தப் பொண்ணு?"

பதிலுக்குச் சட்டைக் காலர் உரசும் சத்தம் மட்டும்.

"யோவ் டாக்டர், ஃபோன்ல தலையை ஆட்டாதேய்யா! வாயைத் திறந்து சொல்லு!"

"அட, மன்னிச்சுக்கம்மா. பிழைச்சுட்டா."