தோளுக்குப் பின்னால்

அன்று மதியம் அந்த ஸ்டுடியோவில் இருந்தவர்கள் மூன்று பேர். சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் தம்பி. கதவோரப் பிரம்பு நாற்காலியில், மடியில் கைப்பையும் எழுதி முடித்த கடிதமுமாக அக்கா. கேமராவுக்குப் பின்னால் போட்டோக்காரி. அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வேலை நேரத்தில் உட்காரும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

தம்பியின் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வெளியூர் டீச்சர் ஒருத்தி அவனைக் கட்டிக்கொள்ள ஏறக்குறையச் சம்மதித்திருந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாளாம். மாலைத் தபாலில் படம் போயாக வேண்டும்.

போட்டோக்காரி தொழிலில் கெட்டி. பெரிய விளக்கை இடப்பக்கம் உயர்த்தி வைத்தாள். குழி விழுந்த கன்னத்தில் இருட்டு தங்காதபடி மறுபக்கம் வெள்ளைத் தட்டியைச் சாய்த்தாள். தோளைத் திருப்பச் சொல்லி, தாடையைத் துளி இறக்கச் சொல்லி, எல்லாம் செய்து பார்த்தாள். கண்ணில் மட்டும் உயிரே வரவில்லை. பதினோரு படம் வீண். அடையாள அட்டைக்கு உட்காருகிறவன்கூட இதைவிடத் தெளிவாக இருப்பான் என்று அக்கா அலுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் போட்டோக்காரி தன் வழக்கமான வித்தையை எடுத்தாள். என் தோளுக்குப் பின்னால் உங்களுக்குப் பிரியமானவர் ஒருவர் நிற்கட்டும், மனசுக்குள் கூப்பிட்டுப் பாருங்கள் என்றாள். இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்வதுதான்.

“யாரை வேணாலும் கூப்பிடலாமா?” என்றான் தம்பி.

“யாரை வேணாலும்.”

அவன் பார்த்தான். முகம் மெல்ல மெல்ல இளகியது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த நொடியே அவன் முகம் வெளுத்துப்போய் எழுந்தான். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அறைக்குள் ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்தின் வாடை அடித்தது.

போட்டோக்காரி அந்தப் பன்னிரண்டாவது படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கண்களைப் பெரிதாக்கினாள். கருவிழிக்குள் விளக்கின் வெள்ளைப் புள்ளி. அதனடியில் கேமராவில் குனிந்திருக்கும் அவளே, கடுகளவாக.

அவள் பக்கத்தில் இன்னொருத்தி.

தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

அக்காவாக இருக்க வழியில்லை. அவள் கதவோரத்தை விட்டு நகரவே இல்லை. போட்டோக்காரி முந்தைய பதினொன்றையும் தேடினாள். எதிலும் இல்லை. தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்கா குரலை இறக்கிச் சொன்னாள். வைத்தியத்தில் தம்பி மனைவிக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டதாம். கடைசிவரை துண்டுதான் கட்டியிருந்தாளாம். போன வருஷம் தம்பிக்குப் பேசி முடித்த பெண், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாடிப்படியில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். துண்டு கட்டிய பொம்பளை ஒருத்தி கூப்பிட்டாள் என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.

“அழிச்சிடுங்க,” என்றாள் அக்கா.

அழிப்பது பெரிய வேலையில்லை. பரு, தழும்பு, கண்ணடிக் கருமை என்று தினமும் அழிக்கிற கைதான். வலக்கண்ணில் துடைத்தாள். இடக்கண்ணில் துடைத்தாள். வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சியது. மருந்து வாடையும் விட்டது.

படம் அச்சாகி வந்தது.

கண் சுத்தமாக இருந்தது. ஆனால் பின்னால் திரையில் நிழல் விழுந்திருந்தது. நிழலே விழக் கூடாதென்றுதான் ஸ்டூலை ஆறடி தள்ளிப் போடுவது. விழுந்தது இரண்டு நிழல். இரண்டாவது, அவன் தோளில் தலை சாய்த்திருந்தது.

துண்டின் முடிச்சுகூடத் தெரிந்தது.

“அக்கா, இதை அனுப்பாதீங்க,” என்று போட்டோக்காரி கிசுகிசுத்தாள். “இல்லைன்னா அந்த டீச்சருக்கு நடந்ததையாவது ஒரு வரி எழுதிடுங்க.”

“எழுதினா வருவாளா?”

அக்கா படத்தைக் கடிதத்துக்குள் மடியாமல் வைத்தாள். உறையின் ஓரத்தில் பசை தடவி, கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தித் தேய்த்தாள். விலாசத்தை இரண்டு தரம் சரிபார்த்தாள். எதிர்ச்சாரியில் தபால்காரர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். தெருவைக் கடந்து போய், உறையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.